ஆற்றில் இறங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்!

ஆடிப்பெருக்கு வந்துவிட்டால் காவிரிக் கரையெல்லாம் ஒரே கூட்டம். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். படித்துறைகளில் நிற்க இடம் இருக்காது. புதுமணப் பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்கிறார்கள். குழந்தைகள் தண்ணீரில் துள்ளிக் குதிக்கிறார்கள்.

அதே காவிரிதான் உயிர்களையும் வாங்கிவிடுகிறது. நீந்தத் தெரியாதவர்கள் மட்டுமா? நன்றாக நீந்துகிறவர்களும் போய்விடுகிறார்கள். காரணம் என்ன? நேற்றுப் பார்த்த ஆறு வேறு. இன்று ஓடும் ஆறு வேறு!

எங்கோ மழை, இங்கே வெள்ளம்!

திருச்சியில் வெள்ளம் வர, திருச்சியில் மழை பெய்ய வேண்டியதில்லை. குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டினால் போதும். கர்நாடகத்தில் உள்ள கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிரம்பிவிடும். அங்கே திறந்துவிடும் உபரி நீர் பிலிகுண்டுலு, ஒகேனக்கல் வழியாக மேட்டூருக்கு வந்து சேரும்.

மேட்டூர் அணை 1934ல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் முழு நீர்மட்டம் 120 அடி. அணை நிரம்பிவிட்டால் அதற்குமேல் வரும் நீரை வெளியே விட்டாக வேண்டும். 2024 ஜூலை 30ல் அணை நிரம்பியது. சில நாட்களில் ஆடிப்பெருக்கு! அப்போது ஆற்றில் வினாடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் பாய்ந்தது. பல ஊர்களில் ஆற்றில் குளிக்கத் தடை போட்டார்கள்.

கன அடி என்றால் எவ்வளவு?

ஒரு கன அடி என்பது ஏறக்குறைய 28 லிட்டர். அதாவது சுமார் இரண்டு குடம் தண்ணீர். "வினாடிக்கு 1,000 கன அடி" என்றால், ஒவ்வொரு வினாடியும் 2,000 குடம் தண்ணீர் ஓடுகிறது என்று பொருள். 1 லட்சம் கன அடி என்றால் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்!

பத்திரிகையில் வரும் அணைச் செய்தியைப் பாருங்கள். நீர்மட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது. எவ்வளவு நீர் திறக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நேற்றைவிட இன்று கூடுதலா? அப்படியானால் ஜாக்கிரதை!

திறந்த நீர் உடனே எல்லா ஊருக்கும் வந்துவிடாது. 2023ல் மேட்டூர் அணையை ஜூன் 12ல் திறந்தார்கள். கல்லணையைத் திறந்தது ஜூன் 16ல். ஆறு நிறைந்து ஓடும் காலத்தில் வெள்ளம் இதைவிட வேகமாக வரும். ஆகவே காலையில் சாதுவாக இருக்கும் ஆற்றை மாலையிலும் நம்பிவிடக்கூடாது.

கரையில் நின்றே சோதிக்கலாம்

தெளிந்த நீர் திடீரென்று கலங்குகிறதா? சருகும் குச்சியும் நுரையும் மிதந்து வருகின்றனவா? இரைச்சல் கூடுகிறதா? மேலே வெள்ளம் புறப்பட்டுவிட்டது என்று அர்த்தம். உடனே கரையேறுங்கள்.

நீர் விளிம்பில் ஒரு குச்சியை நடுங்கள். பத்து நிமிஷம் கழித்துப் பாருங்கள். குச்சியைத் தண்ணீர் தாண்டிவிட்டதா? இறங்கவே கூடாது.

ஓர் இலையை ஆற்றில் போட்டு, கரையோடு கூடவே நடந்து பாருங்கள். இலை உங்களை முந்திப் போகிறதா? அந்தத் தண்ணீர் உங்களைக் கீழே தள்ளிவிடும். வேகம் இரண்டு மடங்கானால், நீர் தள்ளும் பலம் நான்கு மடங்காகும்!

ஆழமும் ஏமாற்றும். மணல் அள்ளிய குழி மேலே தெரியாது. இடுப்பளவு நீரில் நடக்கிறவர் அடுத்த அடியில் முழுகிவிடுவார். பாலத் தூண்களைச் சுற்றியும் மதகுகளுக்குக் கீழேயும் சுழல் இருக்கும். அந்தப் பக்கமே போகக் கூடாது. உள்ளூர்க்காரர்களைக் கேளுங்கள். "அங்கே இறங்காதே" என்று அவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாத இடத்தில் தலைகீழாகக் குதிக்காதீர்கள். குடித்துவிட்டு இறங்காதீர்கள். குழந்தைகள் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஆற்றோடு போய்விட்டால்?

வெள்ளத்தை எதிர்த்து நீந்தினால் கை ஓய்ந்துவிடும். மல்லாந்து மிதக்க வேண்டும். கால்கள் நீர் ஓடும் திசையில் முன்னால் இருக்கட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வாகக் கரை ஒதுங்க வேண்டும்.

ஒருவர் தத்தளிக்கும்போது, பாசத்தால் பலர் உடனே குதித்துவிடுகிறார்கள். அண்ணனைக் காப்பாற்றத் தம்பி, தம்பியைக் காப்பாற்ற அப்பா என்று ஒரே வீட்டில் பல உயிர்கள் போவது இப்படித்தான். குதிக்காதீர்கள்! கயிறு, மூங்கில், புடவை, வேட்டி, மூடிய காலி கேன், எது கிடைத்தாலும் வீசுங்கள். கூச்சல் போட்டு ஆள் கூட்டுங்கள். 112க்குப் போன் செய்யுங்கள்.

கரை சேர்த்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள். வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதுவதும், நெஞ்சின் நடுவில் அமுக்குவதும்தான் முதல் உதவி. உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும்.

காவிரி எங்கும் ஓடிவிடாது. அடுத்த வாரமும் இருக்கும். அடுத்த ஆடியிலும் வரும். வெள்ளம் என்று தெரிந்தால், கரையில் நின்றே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வீட்டுக் குழாயடியில் குளித்தால் போதும். புண்ணியம் ஒன்றும் குறைந்துவிடாது!