பால் பெட்டியில் ஒரு படகுப் போட்டி

படகுப் போட்டி என்றதும் கேரளத்தில் வாழும் நமக்கு ஆலப்புழைதான் நினைவுக்கு வரும். 1952-இல் பண்டித நேரு கண்டு மகிழ்ந்த போட்டி, இன்று புன்னமடைக் காயலில் அவர் பெயராலேயே நடக்கிறது. நூறடிக்கும் மேல் நீளமுள்ள சுண்டன் வள்ளத்தில் ஏறத்தாழ நூறு பேர் ஒரே தாளத்தில் துடுப்பு வலிப்பது கண்கொள்ளாக் காட்சி. ஆனால் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் படகு என்றால் மழைநீரில் விடும் காகிதக் கப்பல்தான். அந்தக் கப்பலில் நாமே ஏறிப் போக முடியுமா?

முடியும் என்கிறார்கள் அமெரிக்கர்கள். அங்கே பால் மெழுகு பூசிய அட்டைப் பெட்டிகளில் விற்கப்பட்டது. காலிப் பெட்டிகளைச் சேர்த்துப் படகு கட்டி ஓட்டும் போட்டி மினியாபொலிஸ் நகரில் 1971-லும், சியாட்டிலில் 1972-லும், போர்ட்லாண்டில் 1973-லும் தொடங்கியது. பெட்டிகளின் மிதக்கும் வலிமையே படகைத் தாங்க வேண்டும். வீட்டார் மாதக் கணக்கில் பெட்டி சேர்ப்பார்கள். அக்கம்பக்கத்தாரும் கொடுத்து உதவுவார்கள். இல்லினாய் மாநிலத்தில் ரிச்சர்டு ஆர்ச்சர் என்ற பேராசிரியர் 1974-இல் மாணவர்களுக்காக வெறும் அட்டைப் படகுப் போட்டியைத் தொடங்கினார். அதில் மிக அழகாக மூழ்கும் படகுக்கும் ‘டைட்டானிக்’ என்ற பெயரில் ஒரு பரிசு உண்டு!

இதன் சூட்சுமம் ஆர்க்கிமிடீஸ் சொன்னதுதான். நன்றாக மூடிய ஒரு லிட்டர் பெட்டி நீரில் அமிழ்ந்தால் சுமார் ஒரு கிலோ எடையைத் தாங்கும். 60 கிலோ மனிதருக்கு 60 பெட்டி போதுமே என்று தோன்றும். ஆனால் அப்போது படகு முழுவதும் நீருக்குள் இருக்கும். மேலே போடும் பலகையின் எடையும் சேரும். ஆகவே 150 பெட்டியாவது வேண்டும். பெட்டிகளைக் கழுவி, உலர்த்தி, வாயை இறுக ஒட்டி, வரிசையாகக் கட்ட வேண்டும். படகு அகலமாக இருக்க வேண்டும். ஆள் தாழ்வாக உட்கார வேண்டும். எழுந்து நின்றால் கவிழும்.

நம் ஊரில் பால் பாக்கெட்டில் வருகிறது. பல வீடுகளில் கறந்த பாலே கிடைக்கிறது. பெட்டிக்கு எங்கே போவது? தண்ணீர் பாட்டில்களும் குளிர்பானப் பாட்டில்களும் இருக்கின்றனவே! மூடி இறுக்கமாக இருந்தால் அவற்றுக்கும் அதே கணக்குத்தான். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் புழைக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் வர வேண்டும். அந்த நீரை நம்பித்தான் நம் நெல்லும் தென்னையும் நிற்கின்றன. அது ஓடும் வாய்க்காலை அடைப்பதும் இதே பாட்டில்கள்தான். 150 பாட்டில் ஒரு படகில் சேர்ந்தால் 150 பாட்டில் வாய்க்காலுக்குப் போகாது.

ஒன்றை மட்டும் பெற்றோர் மறக்கக் கூடாது. ஆற்றிலும், வாய்க்காலிலும், கல்குவாரிக் குட்டையிலும் இந்த விளையாட்டு கூடவே கூடாது. இடுப்பளவுக்கு மேற்படாத, ஓட்டமில்லாத நீர் வேண்டும். ஏறும் ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை வேண்டும். நீச்சல் தெரிந்த பெரியவர்கள் நீருக்குள்ளேயே நிற்க வேண்டும். போட்டி முடிந்ததும் ஒரு பாட்டில்கூட விடாமல் பொறுக்கி எடுத்து ஆக்கர்க்கடைக்கு அனுப்பிவிட வேண்டும்.

அடுத்த விடுமுறைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்று குடித்த பாட்டிலைக் கழுவி, மூடி போட்டு, ஒரு சாக்கில் போட்டு வையுங்கள். பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வரட்டும்.