மரக்கானா விளையாட்டரங்கம்

மரக்கானா விளையாட்டரங்கம் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ நகரில் அமைந்துள்ள காற்பந்து அரங்கமாகும். அருகே ஓடும் மரக்கானா ஆற்றின் பெயரே அரங்கிற்கும் வழங்குகிறது. கிளி இனப் பறவை ஒன்றைக் குறிக்கும் தொல்குடிச் சொல்லிலிருந்து ஆற்றின் பெயர் வந்தது. அரங்கின் அலுவல்முறைப் பெயர் வேறு: இது இங்கேயே கட்டப்பட வேண்டும் என்று எழுதி வாதாடிய இதழாளர் மாரியோ ஃபில்யோ 1966 இல் மறைந்தபின் அவர் பெயர் சூட்டப்பட்டது. மக்கள் வாயில் மரக்கானாதான் நிலைத்தது.

வரலாறு

1950 உலகக் கோப்பைக்காக, பழைய குதிரைப் பந்தயத் திடல் இருந்த இடத்தில் 1948 ஆகத்து மாதம் கட்டுமானம் தொடங்கியது. 1950 சூன் 16 அன்று அரங்கு திறக்கப்பட்டபோது வேலை முழுதாக முடிந்திருக்கவில்லை. எஞ்சிய பணிகள் 1965 வரை இழுத்தன.

திறந்து சரியாக ஒரு மாதம் ஆன நிலையில், சூலை 16 அன்று கோப்பையை முடிவு செய்யும் ஆட்டம் இங்கு நடந்தது. பிரேசிலுக்குச் சமநிலையே போதுமானது. ஆயினும் உருகுவை 2-1 என வென்றது. சீட்டு வாங்கி வந்தவர்கள் மட்டும் 1,73,850 பேர்; உள்ளே ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. 1969 நவம்பர் 19 அன்று பெலே தம் ஆயிரமாவது கோலைத் தண்ட உதை மூலம் இங்குதான் அடித்தார்.

ஜெரால்

இத்தனை பேர் எப்படிக் கொண்டனர் என்பதற்கு விடை ‘ஜெரால்’ எனப்பட்ட பகுதியில் உள்ளது. போர்த்துகீசிய மொழியில் ‘பொது’ என்று பொருள். ஆடுகளத்தை ஒட்டிய தாழ்வான நிற்குமிடம் அது. இருக்கையும் இல்லை, கூரையும் இல்லை. களத்தின் மறுபக்கம் நடப்பது சரியாகத் தெரியாது. மழை பெய்தால் நனைய வேண்டியதுதான். ஆனால் சீட்டு மிக மலிவு. கூலித் தொழிலாளரும் காற்பந்து பார்க்க முடிந்ததற்கு இந்த வசதிக் குறைவே காரணம் என்றால் மிகையாகாது.

புதுப்பித்தல்

1992 சூலை 19 அன்று பிளமெங்கோ, போத்தபோகோ அணிகளின் ஆட்டத்திற்கு முன் மேல்தளக் கைப்பிடிக் கம்பி முறிந்து பார்வையாளர்கள் கீழே விழுந்தனர். மூவர் இறந்தனர், பலர் காயமுற்றனர். அதன்பின் பாதுகாப்பு கருதி எல்லா இடங்களையும் இருக்கைகளாக மாற்றும் பணி படிப்படியாக நடந்தது. 2005 இல் ஜெரால் மூடப்பட்டது. விபத்து நேர்ந்தது மேல்தளத்தில். இடம் இழந்தவர்களோ கீழே நின்றவர்கள்.

2014 உலகக் கோப்பைக்காக 2010 முதல் 2013 வரை நடந்த வேலை, புதுப்பித்தல் என்பதைவிட உள்ளே புதிதாகக் கட்டியது என்றே சொல்லத்தக்கது. இரண்டு அடுக்குப் பார்வையாளர் மேடைகள் இடிக்கப்பட்டு, தொடர்ச்சியான ஒரே சரிவாக அமைக்கப்பட்டன. பழைய கற்காரைக் கூரை அகற்றப்பட்டு, கம்பி வடங்களால் இழுத்துக் கட்டப்பட்ட கண்ணாடியிழைத் துணிக் கூரை வந்தது. பழைய கூரை மேல்தளத்தின் ஒரு பகுதிக்கே நிழல் தந்தது. புதியது ஏறக்குறைய எல்லா இருக்கைகளையும் மூடுகிறது. அரங்கு நாட்டின் பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னமாதலால் கூரையை இடித்தது கண்டனத்துக்கு உள்ளானது. வெளித்தோற்றம் மட்டும் காக்கப்பட்டது.

இப்போது சுமார் 78,000 பேர் அமரலாம். பார்வை தெளிவு, இருக்கை வசதி, மழைப் பாதுகாப்பு எல்லாம் கூடின. சீட்டு விலையும் கூடியது. 2013 சூன் 30 அன்று கூட்டமைப்புக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரேசில் 3-0 என ஸ்பெயினை வென்றபோது, வெளியே போராட்டக்காரர்கள் மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. அந்த மாதம் நாடெங்கும் எழுந்த கோரிக்கைகளுள் ஒன்று, அரங்குகளின் தரத்தில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் வேண்டும் என்பது.

2014 உலகக் கோப்பை இறுதியாட்டமும் 2016 ஒலிம்பிக் தொடக்க விழாவும் இங்கு நடந்தன. இவ்வளவு செலவிட்ட அரங்கு, பராமரிக்க வேண்டியவர் யார் என்ற வழக்கில் 2017 தொடக்கத்தில் கவனிப்பாரற்றுப் போனது: புல் காய்ந்தது, இருக்கைகள் திருடு போயின, மின்சாரம் துண்டிக்கப்பட்டது. பின்னர் ஆட்டங்கள் மீண்டும் தொடங்கின. 2019 முதல் இதைத் தம் சொந்தக் களமாகக் கொண்ட பிளமெங்கோ, புளுமினென்சே கழகங்களே கூட்டாக நிருவகித்து வருகின்றன.