பொத்தானை அழுத்தியும் புறப்படாத வண்டி

தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் அலுவல் பார்க்கும் நம்மவருள் பலர், பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மோட்டார் சைக்கிளையே இன்றும் ஓட்டி வருகின்றனர். எஞ்சின் நல்ல நிலையில் இருக்குமாயின், இருபது ஆண்டு கடந்த வண்டியும் குறைவின்றி உழைக்கும். ஆனால், எஞ்சினுக்கு முன்னரே முதுமை எய்துவது அதன் ஒயரிங். அலுவலகத்துக்குப் புறப்படும் வேளையில் செல்ஃப் பொத்தானை அழுத்தினால் வண்டி அசையாது நிற்கிறது. உடனே பாட்டரியை மாற்றுவோரும், செல்ஃப் மோட்டாரையே மாற்றுவோரும் உண்டு. பணம் போகும், பழுது போகாது. முறையாக ஆராய்ந்தால் பெரும்பாலும் சிறு செலவில் தீரக்கூடிய குறையே இது. அம்முறையை இங்குக் காண்போம்.

மோட்டார் கார்களில் மின்சாரத்தால் எஞ்சினைக் கிளப்பும் ஏற்பாடு, சார்லஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கரின் முயற்சியால், 1912-ஆம் ஆண்டின் காடிலாக் வண்டிகளில் இடம்பெற்றது. 1969-இல் வெளிவந்த ஹோண்டா சிபி 750 மோட்டார் சைக்கிளிலும் அவ்வசதி இருந்தது. நம் நாட்டில் நெடுங்காலம் கிக்கரை மிதிப்பதே வழக்கம். பொத்தான் வந்தபோது வசதியோடு ஓர் அபாயமும் வந்தது. வண்டி கியரில் இருக்கையில் விரல் தவறிப் பொத்தானில் பட்டால், வண்டி முன்னே பாய்ந்துவிடும். அதனைத் தடுக்கவே நியூட்ரல் ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச், சைடு ஸ்டாண்டு ஸ்விட்ச் ஆகிய காவலர்களைப் பல வண்டிகளில் அமைத்தனர்.

செல்ஃப் ஏற்பாட்டில் மின்சாரம் செல்லும் வழிகள் இரண்டு என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். பாட்டரியிலிருந்து ரிலே வழியாகச் செல்ஃப் மோட்டாருக்குச் செல்லும் தடித்த கேபிள் பெருவழி. பொத்தான், காவல் ஸ்விட்சுகள் ஆகியவற்றின் ஊடே ரிலேயை இயக்கும் மெல்லிய ஒயர் சிறுவழி. ஏரி மதகை இதற்கு உவமையாகக் கூறலாம். மதகின் திருகைச் சுழற்றும் கையின் வலிமை சிறிது; திறந்தபின் பாயும் நீரோ பெரிது. ரிலேயே இங்கு மதகு. பழுது எவ்வழியில் உள்ளது எனத் தெளிந்துவிட்டால், வேலையிற் பாதி முடிந்தது எனலாம்.

இதனை அறியக் கருவி வேண்டுவதில்லை. காதும் கண்ணும் போதும். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, முன் விளக்கை ஏற்றிப் பொத்தானை அழுத்துக. ‘டக் டக்’ என ரிலே அடுத்தடுத்து ஒலித்து, விளக்கும் மங்குமாயின், பாட்டரி வலுவிழந்துள்ளது. அல்லது அதன் முனைகள் தளர்ந்தோ, பூத்தோ உள்ளன. 12 வோல்ட் பாட்டரி, முழுதும் சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கையில், ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். பொத்தானை அழுத்தும்போது 10 வோல்ட்டுக்கும் வெகுவாகக் கீழே இறங்கினால் அது ஐயத்துக்குரியது. ஒரே ஒரு ‘டக்’ ஒலி கேட்டு, விளக்கு மங்காது, மோட்டாரும் சுழலவில்லை எனில், ரிலேயின் உள்முனைகள் கருகியிருக்கலாம். மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். இவை யாவும் பெருவழிக் குறைகள். ஓசையே இல்லையெனில் சிறுவழியை ஆராய வேண்டும்.

சிறுவழியில் முதலிற் பார்க்க வேண்டியவை எளியவை. கைப்பிடியிலுள்ள எஞ்சின் நிறுத்தும் ஸ்விட்சைப் பிறர் விளையாட்டாகத் திருப்பியிருக்கலாம். பியூஸ் போயிருக்கலாம். பியூசுக்கு ஈடாகச் செப்புக் கம்பியைச் சுற்றிவைப்பது தீயை வரவழைப்பதாகும். குறித்த ஆம்பியர் அளவுள்ள பியூசையே இட வேண்டும்.

அடுத்துக் காவல் ஸ்விட்சுகள். வண்டிக்கு வண்டி அமைப்பு வேறுபடும்; எனினும் பலவற்றில் ரிலேயிலிருந்து எர்த்துக்குச் செல்லக் கிளைகள் இரண்டு. ஒன்று நியூட்ரல் ஸ்விட்ச் வழி. மற்றொன்று கிளட்ச், சைடு ஸ்டாண்டு ஆகிய இரு ஸ்விட்சுகளையும் கடந்து செல்லும் வழி. சைடு ஸ்டாண்டை மடக்கி, நியூட்ரலில் பொத்தானை அழுத்துக; பின்னர் கிளட்சையும் பிடித்து அழுத்துக. கிளட்சைப் பிடித்தால் மட்டும் சுழல்கிறதெனில், பழுது நியூட்ரல் கிளையில் உள்ளது. நியூட்ரலில் சுழன்று, கியரில் கிளட்சைப் பிடித்தும் சுழலவில்லையெனில், மற்றக் கிளையில் உள்ளது. இச்சோதனையின்போது பின்சக்கரம் தரையிற் படாதிருத்தல் வேண்டும். இரு வகையிலும் சுழலவில்லையெனில், இரண்டுக்கும் பொதுவான பியூஸ், பொத்தான், ரிலே ஆகியவற்றை நாடுக.

பழுதின் இடத்தைத் திட்டமாகக் காட்ட ஒரு சோதனை விளக்கு உதவும். சிறிய 12 வோல்ட் பல்பு ஒன்றில் இரு ஒயர்களைச் சேர்த்து, ஒன்றை எஞ்சினின் உலோகப் பகுதியில் பொருத்துக. பிறர் ஒருவர் பொத்தானை அழுத்த, மற்ற ஒயரால் ரிலேயின் மெல்லிய ஒயர்கள் இரண்டையும் தனித்தனியே தொடுக. இரண்டிலும் எரியவில்லையெனில் மின்சாரம் ரிலே வரை வரவில்லை. ஒன்றில் மட்டும் எரிந்து, ரிலேயும் ஒலிக்கவில்லையெனில், அதன் சுருள் அறுந்துள்ளது. இரண்டிலும் எரிந்தால் ரிலேயின் சுருள் நன்று. எர்த்துக்குச் செல்லும் காவல் ஸ்விட்சுகளின் பக்கமே குறை.

பழைய வண்டிகளில் ஸ்விட்சைக் காட்டிலும் இணைப்புகளே மிகுதியும் கெடுகின்றன. மும்பை போன்ற கடற்கரை நகரங்களின் மழையில், கனெக்டர்களினுள் பச்சை பூத்துவிடும். சைடு ஸ்டாண்டு ஸ்விட்ச் சேற்றுக்கு அருகிலேயே வாழ்வது. அதனைக் கழுவித் துடைத்தாலே பன்முறை உயிர் பெறும். ஹாண்டிலின் கழுத்தருகே ஒயர்கள் ஓயாது வளைவதால், மேலுறை முழுதாயிருக்க, உள்ளிருக்கும் செம்பு அறுந்துவிடுவதுண்டு. ஹாண்டிலை இருபுறமும் திருப்பிக்கொண்டே பொத்தானை அழுத்தினால் அது புலப்படும். தில்லியின் குளிர்காலத்தில் பாட்டரியின் ஆற்றல் குறையும். எஞ்சின் ஆயிலும் தடித்துப் போகும். ஆதலால் குளிருக்கு முன்னரே முனைகளைத் துப்புரவு செய்தல் நன்று. பாட்டரியைக் கழற்றுகையில் நெகட்டிவ் முனையை முதலிலும், மாட்டுகையில் இறுதியிலும் கையாள வேண்டும்.

இனி, முதன்மையான ஒன்றைக் கூற வேண்டும். காவல் ஸ்விட்ச் கெட்டதும், அதன் ஒயர்களை வெட்டி ஒன்றாக முறுக்கி, ‘டைரக்ட்’ செய்துவிடுவது பல பட்டறைகளின் வழக்கம். வண்டி உடனே புறப்படும், கூலியும் குறைவு. ஆனால், மடக்காத சைடு ஸ்டாண்டோடு புறப்பட்டு இடப்புறம் திரும்பினால், வண்டி சாய்கையில் ஸ்டாண்டு தரையில் ஊன்றி, ஓட்டுபவரைத் தூக்கி எறிந்துவிடக்கூடும். பின்னே அமர்ந்திருப்பது மனைவியாகவோ குழந்தையாகவோ இருக்கலாம். ஒரு ஸ்விட்சின் விலைக்கு ஈடாக வைக்கத்தக்க பொருளா அது? வழியில் நின்றுபோன வண்டியை வீடு சேர்க்க ஒரு முறை அவ்வாறு செய்ய நேரினும், புதிய ஸ்விட்ச் இடும்வரை ஒவ்வொரு முறையும் ஸ்டாண்டைக் கண்ணால் பார்த்தே புறப்பட வேண்டும்.

மொழி அறியாத ஊரில் மெக்கானிக்கிடம் இவற்றை எங்ஙனம் விளக்குவது எனத் தயங்க வேண்டுவதில்லை. சொற்களை மொழிக்கு மொழி மாற்றுவதே தொழிலாகக் கொண்ட நமக்கும் இங்கு வேலை இல்லை. ரிலே, பியூஸ், கிளட்ச், நியூட்ரல், எர்த் என்னும் சொற்கள் கொல்கத்தாவிலும் புனேயிலும் லக்னோவிலும் அவையே. ‘வண்டி ஓடவில்லை’ என்று மட்டும் சொல்பவர், பட்டறைக்காரரின் ஊகத்துக்குப் பணம் கொடுக்கிறார். ‘ரிலே ஒலிக்கவில்லை, கிளட்ச் பிடித்தால் சுழல்கிறது’ என்று சொல்லத் தெரிந்தவர், வேலைக்கு மட்டும் கூலி கொடுத்து வீடு திரும்புவார்.