வாயில்லா ஜீவன்களும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

 

சென்ற கோடை விடுமுறையில் நம் மஹல்லாவில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறோம். மக்தப் முடிந்து பிள்ளைகள் நான்கைந்து பேர் வீடு திரும்பிக் கொண்டிருந்தார்கள். சந்து முனையில் ஒரு தெருநாய் குட்டிகளோடு படுத்திருந்தது. இரண்டு பிள்ளைகள் கல்லெடுத்து எறிந்தார்கள். நாய் சீறி எழுந்தது. கல்லெறிந்தவர்கள் ஓடிவிட்டார்கள். குட்டிகளைப் பார்க்க ஆசைப்பட்டுக் கிட்டே போயிருந்த ஒன்பது வயதுச் சிறுவனின் கெண்டைக்காலில் நாயின் பல் பட்டுவிட்டது.

வீட்டில் அவன் மூச்சு விடவில்லை. மூன்றாம் நாள் குளிப்பாட்டும்போதுதான் அவனுடைய உம்மா காயத்தைப் பார்த்திருக்கிறார்.

"ஏன் வாப்பா உம்மாகிட்ட சொல்லல?"

"நாய்கிட்ட ஏன் போனேன்னு ஏசுவீங்கன்னு பயந்துட்டேன் உம்மா."

அன்றே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். எல்லா ஊசிகளையும் தவறாமல் போட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை நலமாக இருக்கிறான். ஆனால் அவன் சொன்ன பதில் எங்களைத் தூங்கவிடவில்லை. குட்டி போட்ட நாயிடம் போகக்கூடாது என்பது அவனுக்குத் தெரியாது. கல்லெறிவது பாவம் என்பது கூட வந்தவர்களுக்குத் தெரியாது. கடித்தால் உடனே சொல்ல வேண்டும் என்பது யாருக்குமே தெரியாது. இந்த மூன்றையும் நாம்தான் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

அதன்பிறகுதான் மக்தப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பிராணிகள் பற்றிய வகுப்பைத் தொடங்கினோம். கால்நடை மருத்துவர் ஒருவர் வந்து பாடம் நடத்துகிறார். ஒரு வாரம் பக்கத்திலுள்ள பிராணிகள் காப்பகத்துக்கும் பிள்ளைகளை அழைத்துப் போனோம். "ஓதுகிற நேரத்தில் நாய், பூனைப் பாடம் எதற்கு?" என்று சிலர் கேட்டார்கள். அவர்களுக்கான விளக்கமாகவும் இதை எழுதுகிறோம்.

நஜீஸ் வேறு, கல்லெறிவது வேறு

நம் வீடுகளில் பிள்ளைகள் நாயைப் பற்றி முதலில் கேட்கும் சொல் 'நஜீஸ்' என்பதுதான். நாயின் எச்சில் பட்டால் எப்படிச் சுத்தம் செய்வது என்பதற்கு மத்ஹபுகளில் தெளிவான சட்டம் இருக்கிறது. ஷாஃபி மத்ஹபில் ஒருமுறை மண் கலந்த தண்ணீர் உட்பட ஏழு முறை கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபின் விளக்கம் வேறு. இந்தச் சட்டம் கழுவுவதைப் பற்றியது. அந்தப் பிராணியை அடிக்கவோ விரட்டவோ இதில் அனுமதி ஏதும் இல்லை. ஆனால் பிள்ளையின் மனதில் 'நஜீஸ்' என்பது 'எதிரி' என்று பதிந்துவிடுகிறது. பயமும் சேர்ந்துகொண்டால் கை கல்லைத் தேடுகிறது.

தாகத்தால் ஈரமண்ணை நக்கிக் கொண்டிருந்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தம் காலுறையில் தண்ணீர் மொண்டு, அதை வாயில் கவ்வியபடி மேலே ஏறிவந்து புகட்டிய மனிதரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்குச் சொன்னார்கள். அந்த ஒரு செயலுக்காக அவருடைய பாவங்கள் மன்னிக்கப்பட்டன. பூனையைக் கட்டிப்போட்டு, தானும் தீனி போடாமல், அது தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் தண்டனைக்கு ஆளானதையும் அவர்கள் சொன்னார்கள். இரண்டும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவானவை. வகுப்பில் இந்த இரண்டையும் சொன்னபோது ஒரு பிள்ளை கேட்டது: "அப்போ அந்த நாயும் நஜீஸ்தானே உஸ்தாத்?" ஆமாம், அதே நாய்தான். சட்டமும் மாறவில்லை, கூலியும் குறையவில்லை. இதை விளங்கிக்கொண்ட பிள்ளை கல்லைக் கீழே போட்டுவிடும்.

காப்பகத்தில் பிள்ளைகள் பார்த்தது

நம் மாநிலத்தில் பிராணிகள் காப்பகம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சென்னையில் இயங்கும் புளூ கிராஸ். 1959-இல் விமானி கேப்டன் வி. சுந்தரம், மழைவெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைக் காப்பாற்றி வீட்டுக்குக் கொண்டுவந்ததில் தொடங்கிய பணி அது. அவருடைய மனைவி மக்களும் உடன் உழைத்தார்கள். ஒரு குடும்பம் தொடங்கியது இன்று பெரிய நிறுவனமாக நிற்கிறது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதே வழக்கமாக இருந்த காலத்தில், 1964-லேயே அவர்கள் கருத்தடை அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார்கள். பிறகு 2001-இல் மத்திய அரசு அதற்கென்றே விதிகள் வகுத்தது. 2023-இல் அவை புதிய விதிகளாக வெளிவந்தன.

நம் பிள்ளைகள் போன காப்பகம் சிறியது. வாகனத்தில் அடிபட்ட நாய்கள், கண் திறக்காத பூனைக்குட்டிகள், கால் ஒடிந்த ஒரு கழுதை ஆகியவை அங்கே இருந்தன. சில நாய்களின் காது நுனி சிறிதாக வெட்டப்பட்டிருந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் பதறினார்கள். அது காயமில்லை, அடையாளம் என்று ஊழியர் விளக்கினார். கருத்தடை செய்து, ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோய்க்குத் தடுப்பூசியும் போட்ட நாயை மயக்கத்திலிருக்கும்போதே அப்படி அடையாளமிடுகிறார்கள். ஊர் திரும்பியதும் பிள்ளைகள் தெருத்தெருவாகக் காது வெட்டிய நாய்களைத் தேடினார்கள். வெட்டாத காதுகளே அதிகம் என்று கணக்கும் சொன்னார்கள். அந்தக் கணக்கை நகராட்சியிடம் கொடுக்கலாமே என்று இப்போது யோசித்து வருகிறோம்.

பூனைக் கூண்டுகளைப் பார்த்த ஒரு சிறுமி, "இத்தனை பூனையையும் யாரு கொண்டுவந்து விட்டாங்க?" என்று கேட்டாள். வளர்த்தவர்கள்தான் என்றார் ஊழியர். குட்டியாக இருக்கும்போது பிள்ளை ஆசைப்பட்டது என்று வாங்குகிறார்கள். வளர்ந்து, முடி உதிர்ந்து, சோபாவைக் கீறத் தொடங்கியதும் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் வளர்ந்த பூனைக்குத் தெருவில் இரை தேடத் தெரியாது. கட்டிப்போட்டுப் பட்டினி போடுவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று பெரியவர்கள் நாமும் யோசிக்க வேண்டும். வளர்க்கும் பிராணியைத் துன்பப்படும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

நாயிடம் நடந்துகொள்ளும் முறை

மருத்துவர் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லிச் செய்துகாட்டிய பாடம் இது. தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டியோடு இருக்கும் நாய் மூன்றையும் தொந்தரவு செய்யக்கூடாது. நாய் நெருங்கி வந்தால் ஓடக்கூடாது, கத்தக்கூடாது, அதன் கண்ணை உற்றுப் பார்க்கக்கூடாது. கைகளை உடம்போடு ஒட்டவைத்து மரம்போல அசையாமல் நிற்க வேண்டும். மோந்து பார்த்துவிட்டு அது பெரும்பாலும் போய்விடும். கீழே தள்ளிவிட்டால் முழங்காலை மடக்கிச் சுருண்டு, இரண்டு கைகளாலும் காதையும் கழுத்தையும் மூடிக்கொண்டு கல்போலக் கிடக்க வேண்டும். 'மரம், கல்' என்ற இரண்டு சொற்கள் போதும். சின்னப் பிள்ளைகளும் மறக்காமல் சொல்கிறார்கள்.

கடித்துவிட்டால்

ரேபிஸ் தாக்கி அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். அதற்கு முன் முறையாகச் சிகிச்சை எடுத்தால் நோயைத் தடுத்துவிடலாம். நோய் பிடித்ததாகச் சந்தேகிக்கப்படும் பிராணிகளிடம் கடிபடுவோரில் 40 விழுக்காட்டினர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் இது தெரிந்திருக்க வேண்டும்.

கடித்த உடனே ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம். காயத்தைக் கழுவுவதுதான் முதல் வேலை. மார்க்கச் சட்டப்படியான சுத்தத்தைப் பிறகு ஆலிமிடம் கேட்டுச் செய்துகொள்ளலாம். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் காயத்தில் வைக்காதீர்கள். கட்டுப் போடாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே தடுப்பூசி இலவசம். முதல் ஊசி போட்ட நாளிலிருந்து வழக்கமாக 3, 7, 28-ஆம் நாள்களில் மீண்டும் போடுவார்கள். இரத்தம் வரும் காயமானால் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் ஏற்றுவார்கள். வலி நின்றுவிட்டது என்று கடைசி ஊசியை விட்டுவிடக்கூடாது. சில நாள் கழித்துத்தான் தெரியவந்தது என்றாலும், இனி என்ன பயன் என்று வீட்டில் இருந்துவிடாமல் உடனே போக வேண்டும். பூனைக் கடியும் கீறலும் இதில் அடங்கும். வீட்டுப் பூனைதானே என்று அலட்சியம் வேண்டாம்.

வீட்டுக்குள் வரும் ஜீவன்கள்

நம் வீடுகளில் பூனைக்குத் தடையில்லை. ஆனால் அதன் தேவை தெரிவதில்லை. தனியாகக் கத்தும் குட்டியைக் கண்டதும் தூக்கி வந்துவிடாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். ஆபத்தில்லாத இடமென்றால் தூரத்தில் இருந்து சில மணி நேரம் பாருங்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கும் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். சுத்தமான தண்ணீர்தான் வேண்டும். காய்ச்சல் என்று நமக்கு வாங்கிய பாரசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்தால் அது செத்துப்போகும். இதைப் பலர் அறியாமல் செய்கிறார்கள்.

சந்தனக்கூட்டுக் கடைகளிலும் சந்தையிலும் சாயம் பூசிய கோழிக்குஞ்சுகளை விற்கிறார்கள். பிள்ளை அழுகிறது என்று இருபது ரூபாய்க்கு வாங்கிக் கொடுக்கிறோம். சூடும் முறையான தீனியும் இல்லாமல் அவை பெரும்பாலும் சில நாள்களில் செத்துப்போகின்றன. பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்வது என்ன? உயிர் என்பது வாங்கி, விளையாடி, தூக்கிப்போடும் பொருள் என்பதைத்தான். பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இதையும் பல குடும்பங்கள் அறியவில்லை.

அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு குருவி வைத்திருந்தார். அது இறந்து அவர் வாடியிருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தக் குருவியைப் பற்றி அவரிடம் அன்போடு விசாரித்தார்கள். ஒரு பிள்ளையின் குருவியை விசாரிக்க அவர்களுக்கு நேரம் இருந்தது. நம் பிள்ளையின் கோழிக்குஞ்சு செத்தால், "போனால் போகுது, வேற வாங்கிக்கலாம்" என்று நாம் சொல்லிவிடுகிறோம்.

குர்பானி ஆடு ஒரு பாடம்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் ஆடு வீட்டுக்கு வரும் நாள்கள் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அந்த நாள்களையே வகுப்பாக மாற்றலாம். நிழலில் கட்டுவது, காலையும் மாலையும் தண்ணீர் மாற்றுவது, கயிறு கழுத்தை இறுக்குகிறதா என்று பார்ப்பது ஆகிய வேலைகளைப் பிள்ளைகளிடம் விடுங்கள். அகத்தி, வேம்பு, பூவரசு இலைகளைக் கொடுக்கச் சொல்லுங்கள். பிரியத்தால் சோறும் அரிசியும் அள்ளிப் போட்டால் ஆட்டுக்கு வயிறு உப்பும், அதிகமானால் செத்தும்விடும். ஆட்டின் மேல் ஏறுவது, கொம்பைப் பிடித்து இழுப்பது, படம் எடுப்பதற்காக இரண்டை முட்டவிடுவது ஆகியவற்றைத் தடுங்கள்.

அறுக்கும் நேரத்திலும் கத்தியை நன்றாகத் தீட்டி, பிராணிக்கு வேதனை குறையச் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். அதன் கண்முன்னே கத்தி தீட்டுவதும், ஒன்றின் எதிரே மற்றொன்றை அறுப்பதும் வெறுக்கத்தக்கவை என்பது உலமாக்களின் விளக்கம். பத்து நாள் தீனி போட்ட பிள்ளை பெருநாளன்று அழுதால் கேலி செய்யாதீர்கள். அந்தக் கண்ணீர் பிள்ளையின் மனதில் இரக்கம் இருப்பதற்கு அடையாளம். குர்பானி என்பது பிரியமானதை அல்லாஹ்வுக்காகக் கொடுப்பது என்று அந்த நேரத்தில் சொன்னால் பிள்ளைக்கு விளங்கும்.

பெற்றோர் செய்ய வேண்டியது

மாடிச் சுவரில் பறவைகளுக்கும், வாசலில் மற்ற பிராணிகளுக்கும் தண்ணீர் வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றும் பொறுப்பு பிள்ளையுடையதாக இருக்கட்டும், இல்லையென்றால் கொசு வந்துவிடும். ஆடு, மாடு நோயில் கிடந்தால் 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி உதவும். கால்நடை மருந்தகம் எங்கே இருக்கிறது என்று பிள்ளையை ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இன்று இரவு சாப்பிட உட்காரும்போது உங்கள் பிள்ளையிடம் ஒன்று சொல்லுங்கள்: "நாயோ பூனையோ கடிச்சா, கீறினா, உடனே வந்து சொல்லு. யார் மேல தப்பு இருந்தாலும் ஏச மாட்டோம்." சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். அந்தச் சிறுவன் மூன்று நாள் காயத்தை மறைத்தது நாய்க்குப் பயந்தல்ல, நமக்குப் பயந்துதான்.

அடுத்த மாதம் தொடங்கும் வகுப்புக்கு எட்டு வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் பிள்ளைகள் எல்லோரையும் அனுப்புங்கள். கட்டணம் கிடையாது. சென்ற முறை கல்லெறிந்த இரண்டு பிள்ளைகள்தான் இப்போது பள்ளிவாசல் சந்தில் இருக்கும் தண்ணீர்ச் சட்டிக்குப் பொறுப்பு. அந்தத் தாய் நாயின் காதிலும் இப்போது அடையாளம் இருக்கிறது.

படைப்பினங்கள் மீது இரக்கம் காட்டும் நல்ல சந்ததிகளாக நம் பிள்ளைகளை அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.