ஏகலைவன் கொடுத்த விரலுக்கு இன்று மாற்று உண்டு! அம்பு விடும் 'ரிலீஸ்' வாங்குமுன் கவனியுங்கள்

கந்தர்வக்கோட்டை:

ஏகலைவன் கதையைக் கேட்காத வீடு உண்டா? குருதட்சிணையாகத் துரோணர் கேட்டது நிலமோ பொன்னோ இல்லை. வலது கைக் கட்டை விரல்!

ஏன் அந்த விரல்? வில்லாளியின் உயிர்நாடி அதுதான். நாணை இழுக்கப் பலம் இருந்தால் போதும். விடுவதற்குத்தான் வித்தை வேண்டும். விடும்போது விரல் ஒரு நூல் பிசகினால், அம்பு குறியில் ஒரு முழம் பிசகும்.

இன்றைக்கு அந்த விரலின் வேலையைச் செய்ய ஒரு கருவி வந்துவிட்டது. பேர் 'ரிலீஸ்'. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். விலைதான் அடங்காது!

தஞ்சாவூர் - புதுக்கோட்டை சாலையில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கும் கந்தர்வக்கோட்டையில் ஒரு மளிகைக் கடைக்காரர். மகன் பிளஸ்-டூ படிக்கிறான். வில்வித்தையில் பைத்தியம். ராத்திரி கடை கட்டும் நேரத்தில் மெதுவாக ஆரம்பிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

"அப்பா, ஒரு ரிலீஸ் வாங்கணும்ப்பா."

"என்னடா அது? எவ்வளவு ஆகும்?"

"நல்லதா வாங்கினா பத்தாயிரம் ஆகும்ப்பா."

"பத்தாயிரமா? வில்லு இருக்கு, அம்பு இருக்கு. கையில அஞ்சு விரல் வேற இருக்கே, அது பத்தாதா?"

அப்பா கேட்டது கிண்டல் இல்லை, சரியான கேள்வி. பணப்பெட்டியைத் திறக்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

எந்த வில்?

மூங்கில் வில்லில் சுடும் 'இந்தியன் ரவுண்டு' போட்டி ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் நிறையப் பிள்ளைகள் அதில்தான் கைபழகுகிறார்கள். ஒலிம்பிக்கில் இதுவரை பார்த்தது முனை வளைந்த 'ரிகர்வ்' வில். இந்த இரண்டிலும் ரிலீசுக்கு இடமே கிடையாது. விரலால்தான் விட வேண்டும். விரல் புண்ணாகாமல் இருக்க ஒரு தோல் துண்டு மாட்டிக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

இது புதிதல்ல. பழைய தமிழில் வில்லாளியின் விரலுறைக்குப் 'புட்டில்' என்றே பேர் உண்டு. முகலாயர்கள் கட்டை விரலில் பச்சைக்கல் மோதிரம் மாட்டி நாணை இழுத்தார்கள். எல்லாம் இந்த ரிலீசுக்குப் பாட்டன் முப்பாட்டன்!

ரிலீஸ் தேவைப்படுவது 'காம்பவுண்டு' வில்லுக்கு. இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த வில் அது. அமெரிக்காவில் மிசௌரிக்காரரான ஆலன் என்பவர் அதற்கு 1969-ல் காப்புரிமை பெற்றார். இழுக்கத் தொடங்கும்போது 60 பவுண்டு கனம். அதாவது சுமார் 27 கிலோ. முழுக்க இழுத்ததும் சக்கரம் திரும்பிக்கொண்டு பாரத்தைத் தானே தாங்கும். நூற்றுக்கு எண்பது குறையும் வில்லில் கையில் நிற்பது வெறும் 12 பவுண்டு, ஐந்தரைக் கிலோதான்! நிதானமாகக் குறி பார்க்கலாம். அப்படி நிதானித்த பிறகு விரல் பிசகினால் எல்லாம் வீண். அதற்காகத்தான் நாணில் ஒரு சின்ன கயிற்று வளையம் கட்டி, அதில் ரிலீசின் கொக்கியை மாட்டி இழுக்கிறார்கள்.

ஆக, பையன் கையில் இருப்பது மூங்கில் வில்லா, சக்கர வில்லா? மூங்கில் என்றால் பத்தாயிரமும் மிச்சம்!

நாலு தினுசு

சக்கர வில்தான் என்றால், அடுத்த கேள்வி: எந்த ரிலீஸ்?

முதல் தினுசு, மணிக்கட்டில் வார் கட்டுவது. ஆள்காட்டி விரலால் விசையை அழுத்த வேண்டும். இழுக்கும் பாரத்தை மணிக்கட்டு தாங்கும். பழகுவது சுலபம், விலையும் மற்றதைவிடக் குறைவாகக் கிடைக்கும்.

இரண்டாவது, கைக்குள் பிடிப்பது. விசை கட்டை விரலுக்கு. விரல்கள் பிடியை வளைத்துப் பிடித்திருக்க, கட்டை விரல் விசைமேல் சும்மா படிந்திருக்கும். முதுகை மெல்ல இறுக்கினால் கையே அழுத்திக்கொள்ளும்.

மூன்றாவது, கீல் வைத்தது. இதில் விசையே கிடையாது! பிடி கைக்குள் மெதுவாகத் திரும்பத் திரும்ப, உள்ளே இருக்கும் பிறைத் துண்டு நழுவி நாண் விடுபடும்.

நாலாவது, இழுப்புக்கு விடுவது. இதிலும் விசை இல்லை. குறி பார்க்கும்வரை காப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். பொத்தானை விட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் இழுத்தால், வைத்த கனம் வந்ததும் தானாக விடும். வில்லுக்கு வில் அந்தக் கனத்தைத் திருத்தி வைக்க வேண்டும்.

விசையே இல்லாத துப்பாக்கி மாதிரி ஒன்றை எதற்குச் செய்தார்கள்? காரணம் இருக்கிறது.

பதறும் வியாதி

வில்லாளிகளைப் பிடிக்கும் ஒரு வியாதி உண்டு. நன்றாகச் சுட்டுக்கொண்டிருப்பான். திடீரென்று ஒரு நாள், புள்ளி மஞ்சளைத் தொட்டதும் "இப்போ விடு, இப்போ விடு" என்று மனசு கத்தும். விரல் வெடுக்கென்று விசையை அடிக்கும். கை உதறும். அம்பு எங்கேயோ போகும். சில பேருக்குப் புள்ளியை மஞ்சளுக்குள் கொண்டுபோகவே முடியாது. எத்தனையோ நல்ல வில்லாளிகளை இந்தப் பதற்றம் மூலையில் உட்கார வைத்திருக்கிறது.

மருந்து ஒன்றுதான். எந்த நொடியில் அம்பு போகும் என்பது சுடுகிறவனுக்கே தெரியக்கூடாது! கண் குறியைப் பார்க்கட்டும், முதுகு இழுக்கட்டும், அம்பு தன்பாட்டில் போகட்டும். கீல் ரிலீசும் இழுப்பு ரிலீசும் அதைத்தான் சொல்லிக் கொடுக்கின்றன. விசை உள்ளதிலும் அப்படிச் சுடலாம், பொறுமை வேண்டும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை! கீல் ரிலீசை முதல் நாளே வில்லில் மாட்டி இழுக்கக்கூடாது. பாதி இழுப்பில் பிடி திரும்பிவிட்டால் நாண் விட்டுவிடும். இழுத்த வேகத்தில் தன் முஷ்டி தன் வாயிலேயே விழும். பல் போனால் யாரைக் கேட்பது?

ஆகவே முதலில் கயிறு. நாணை இழுக்கும் நீளத்துக்கு ஒரு கயிற்று வளையம். ஒரு முனை வில் பிடிக்கும் கையில், மறு முனை ரிலீசில். வில் இல்லாமல் இழுத்து இழுத்து விட்டுப் பழக வேண்டும். கயிற்றுக்குச் செலவு பத்து ரூபாய்!

கை அளவு பாருங்கள்

செருப்பு வாங்கும்போது காலைப் பார்க்கிறோம். ரிலீஸ் வாங்கும்போது கையைப் பார்க்க வேண்டாமா?

கைப்பிடி ரிலீசில் மூன்று விரல் பிடிக்கும் உண்டு, நாலு விரல் பிடிக்கும் உண்டு. சின்னக் கைக்குப் பெரிய பிடி வாங்கினால் விரல் இழுபடும். வார் ரிலீசில் விசை விரல் நுனிக்கு எட்டினால் போதாது. நுனி தாண்டிய மடிப்பில் படிய வேண்டும். எட்டாவிட்டால் தண்டின் நீளத்தைத் திருத்தலாமா என்று கேட்டு வாங்குங்கள்.

விசையைத் தொட்டதும் பறக்கிற மாதிரி வைக்கக் கூடாது. கொஞ்சம் கனமாகவே இருக்கட்டும். தொட்டால் பறக்கும் விசைதான் பதற்றத்துக்கு வாசற்கதவு.

ஒரு ரிலீசை விட்டு வேறு தினுசுக்கு மாறினால் கை வந்து நிற்கும் இடமும் மாறும். வில்லின் இழுப்பு நீளத்தையும் சரிபார்க்க வேண்டும். கொக்கி தேய்ந்திருக்கிறதா, நாண் வளையம் பிசிறு விட்டிருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். முழுதாக இழுத்து நிற்கும்வரை விரல் விசைப்பக்கமே போகக்கூடாது. அம்பு வைக்காமல் நாணை விட்டால் வில்லே உடையலாம்!

போட்டிக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. ரிலீஸ் வில்லோடு சேர்த்துக் கட்டியதாக இருக்கக்கூடாது. அதற்குள் மின்சார வேலைப்பாடும் கூடாது.

வேட்டை ஆசையா? கம்பி எண்ணணும்!

அமெரிக்காவில் லைசென்சு வாங்கி, சீசனில் வில்லால் மான் அடிக்கிறார்கள். வேட்டைக்காரர்களில் நிறையப் பேருக்கு வார் ரிலீஸ்தான் பிடிக்கும். மரத்துமேல் மணிக்கணக்கில் காத்திருக்கும்போது, கையில் கட்டியது கீழே விழாதே!

அங்கே விற்கும் சாமான் விளம்பரத்தைப் பார்த்து இங்கே யாருக்கும் ஆசை வரக்கூடாது. நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு விலங்கு வேட்டைக்குத் தடை. துப்பாக்கி ஆனாலும் வில் ஆனாலும் குற்றம் ஒன்றுதான். நம் புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலையில் மயில் கூட்டத்தைப் பார்க்காதவர் யார்? அந்த மயில் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது 25 ஆயிரம் ரூபாய். ரிலீஸ் வாங்கிய பத்தாயிரம் எம்மாத்திரம்!

கையே இல்லாமல் தங்கம்!

அப்படியானால் இந்தக் கருவியால் என்ன பலன்?

2023-ல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் உலகப் போட்டி. 17 வயது அதிதி சுவாமி சக்கர வில்லில் உலக சாம்பியன் ஆனார். ஆண்கள் பிரிவில் ஓஜஸ் தேவ்தலே இறுதிச் சுற்றில் 15 அம்பு விட்டார். பதினைந்தும் பத்து! 150-க்கு 150! அதே ஆண்டு சீனாவின் ஹாங்சோ ஆசியப் போட்டியில் சக்கர வில்லுக்கு ஐந்து தங்கம். ஐந்தும் இந்தியாவுக்கு! அதில் மூன்றில் பங்கு பெற்றவர் ஆந்திராவின் ஜோதி சுரேகா.

எல்லாரையும் மிஞ்சியவர் காஷ்மீர் பக்கத்துக் கிஷ்த்வாரைச் சேர்ந்த ஷீத்தல் தேவி. பிறவியிலேயே இரண்டு கையும் இல்லை. காலால் வில்லைப் பிடித்து, தோளின் பலத்தால் நாணை இழுத்து, தாடையின் உதவியால் அம்பை விடுகிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராக்கேஷ் குமாருடன் வெண்கலம். 2025-ல் கொரியாவின் குவாங்ஜூவில் உலக சாம்பியன்! விரலே இல்லாதவருக்கும் கருவி கைகொடுக்கிறது. உடம்புக்குத் தகுந்தபடி அதை அமைத்துக்கொண்டதுதான் விஷயம்.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சக்கர வில் கலப்பு இரட்டையர் போட்டியைச் சேர்த்திருக்கிறார்கள். ஒலிம்பிக் மைதானத்தில் முதல் முறையாக ரிலீஸ் ஏறப்போகிறது.

நம் மளிகைக் கடைக்கு வருவோம்.

"தம்பி, சாம்பியன் கையில இருக்கிறதைப் பாத்துட்டு வந்து கேக்காதே. மைதானத்துல நாலு பேர்கிட்ட நாலு தினுசையும் இரவல் வாங்கி இழுத்துப் பாரு. முதல்ல இந்தக் கயித்துல ஒரு மாசம் பழகு. அப்பவும் உன் கைக்கு எது வேணும்னு சொன்னியானா, வாங்கித் தர்றேன்."

கல்லாப் பக்கத்தில் தொங்கிய சணல் கயிற்றில் ஒரு முழம் அறுத்து நீட்டுகிறார் அப்பா.

கட்டை விரலைக் கேட்காத குரு!