ஒரு புள்ளி, ஒரு கொமா, ஆயிரத்து இருநூற்றைம்பது யூரோ



சென்ற மாதம் வானொலியில் இந்த விடயத்தைப் பேசத் தொடங்கி நடுவில் திணறிப் போனேன். ஆயிரத்து இருநூற்றைம்பது என்று வாயால் சொன்னால் எந்த நாட்டிலும் அது ஒரே தொகைதான். எழுதும்போதுதான் சிக்கல் வருகிறது. ஆகவே எழுத்திலேயே தருகிறேன். வீட்டில் இணைய நிரலாக்கம் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நான் வசிக்கும் யேர்மன் நகரில் எங்கள் ஆட்களில் ஒருவர் திடீரெனக் காலமானார். சிறு பிள்ளைகள் மூவர். செத்தவீட்டுச் செலவுக்கும், அந்தக் குடும்பம் கொஞ்சக் காலம் தாக்குப் பிடிப்பதற்கும் பணம் சேர்த்தோம். கொப்பியும் பேனையுமாக வீடு வீடாகத் திரியாமல் ஓர் இணையப் பக்கம் செய்து தருகிறேன் என்று நானே முன்வந்தேன். பெயர், தரவிருக்கும் தொகை, அவ்வளவுதான். ஒரே இரவில் எழுதி முடித்தேன். அந்தியேட்டியன்று மண்டபத்தில் பொருளாளர் பட்டியலை வாசித்தார்.

அன்றிரவு தொலைபேசி அடித்தது. வயதில் மூத்த ஒருவர், நாங்கள் எல்லோரும் அண்ணை என்று மதிப்பவர்.

“தம்பி, நான் அந்தப் பிள்ளையளுக்கு ஒரு யூரோ இருபத்தைஞ்சு சதமே குடுத்தனான்?”

கோபமில்லை. குரல் மட்டும் உடைந்திருந்தது. அவர் எழுதியது 1.250. யேர்மனியில் அது ஆயிரத்து இருநூற்றைம்பது. என் நிரல் அதை 1.25 என்று விளங்கிக்கொண்டது.

மறுநாள் இன்னொன்று வெளிவந்தது. படித்துக்கொண்டே கடையில் பகுதி நேர வேலை செய்யும் ஒரு பிள்ளை 12,50 என்று போட்டிருந்தாள். என் நிரல் கொமாவைத் தூக்கி எறிந்துவிட்டு 1250 என்று பதிந்திருந்தது. மீதி 1237 யூரோ 50 சதம் எப்போது வரும் என்று பொருளாளர் தாயிடம் கேட்க, அந்தத் தாய் மகளுடன் சண்டை. இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று மூடிவிட்டன. உண்மையில் இருவரின் தொகையும் சேர்ந்து 1262,50. பட்டியலில் 1251,25. கூட்டுத்தொகையில் பதினொரு யூரோ சொச்சம்தான் வித்தியாசம். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நிரலாக்கத்தை நான் ஆங்கிலப் புத்தகங்களில் படித்தவன். ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் ஆங்கிலேயர் விட்டுப்போன முறைதான்: ஆயிரத்துக்குக் கொமா, சதத்துக்குப் புள்ளி, 1,250.50. யேர்மனியில் அப்படியே தலைகீழ்: 1.250,50. சுவிசில் பணத்தை 1’250.50 என்று மேலே ஒரு சிறு கீற்றுப் போட்டு எழுதுவார்கள். நோர்வேயிலும் பிரான்சிலும் இடைவெளி விட்டு 1 250,50. கனடாவில் ஒரே நாட்டுக்குள்ளேயே ஆங்கிலத்தில் ஒரு விதம், பிரெஞ்சில் இன்னொரு விதம். இந்தியாவில் பன்னிரண்டரை இலட்சம் 12,50,000 ஆகிவிடும். அளவைகளுக்கான சர்வதேச மாநாடு 1948 இல், இலக்கங்களைப் பிரிக்க இடைவெளி மட்டும் விடுங்கள், புள்ளியோ கொமாவோ வேண்டாம் என்றது. 2003 இல் தசமக் குறியாகப் புள்ளியும் இருக்கலாம், கொமாவும் இருக்கலாம் என்றது. ஒருவரையும் பகைக்காத தீர்ப்பு!

கணினிக்குள்ளே இந்தக் குழப்பம் இல்லை. ஜாவாஸ்கிறிப்ட் மொழிக்குத் தசமம் என்றால் புள்ளி மட்டும்தான். அதில் ‘பார்ஸ்ஃபுளோற்’ என்ற கட்டளை, எழுத்தை இடமிருந்து படித்து, விளங்காத குறி வந்ததும் நின்றுவிடும். பிழை என்று சொல்லாது. சுவிஸ் மைத்துனரையும் நோர்வேயிலுள்ள மச்சாளையும் தங்கள் வழக்கப்படி ஆயிரத்து இருநூற்றைம்பது எழுதிப் பார்க்கச் சொன்னேன். இருவருக்குமே 1 தான் பதிந்தது.

இலக்கத்தைக் காட்டுவது இன்று சுலபம். எந்த நாட்டில் எப்படி எழுதுவார்கள் என்ற தகவலை யூனிக்கோட் அமைப்பினர் 2004 முதல் தொகுத்து வருகிறார்கள். 2012 இல் ஜாவாஸ்கிறிப்டுக்கு ‘இன்ட்ல்’ என்ற துணைத் தரம் வந்தது. அதிலுள்ள ‘நம்பர்ஃபோர்மற்’றிடம் யேர்மனி என்றோ சுவிஸ் என்றோ சொன்னால் போதும், அந்த நாட்டு முறையில் தந்துவிடும். ஆனால் மறுவழி, அதாவது மனிதர் எழுதியதை இலக்கமாக மாற்ற, அதில் ஒன்றும் இல்லை. அதை நாங்களேதான் எழுத வேண்டும்.

இலக்கத்துக்கென்றே உள்ள உள்ளீட்டுப் பெட்டியைப் பாவித்திருக்கலாமே என்று சில பிள்ளைகள் கேட்பார்கள். அந்தப் பெட்டி உலாவியின் மொழியையோ பக்கத்தின் மொழியையோ பார்த்து நடக்கும். அண்ணையின் மடிக்கணினியை மகன் ஆங்கிலத்தில் அமைத்துக் கொடுத்திருக்கிறார். ஆங்கில அமைப்பில் 1.250 என்பது பிழையே இல்லாத இலக்கம், ஒன்றேகால். எங்கள் ஆட்களில் பலருக்கு இதே நிலைதான். கணினி ஆங்கிலம், வீட்டில் தமிழ், சம்பளத் துண்டு யேர்மன். கணினியின் பிரதேச அமைப்பைப் பார்த்து அந்த மனிதரின் கைப்பழக்கத்தை ஊகிக்க முடியாது.

சேவையகப் பக்கமும் கவனம் வேண்டும். பிஎச்பி மொழியின் 8 ஆம் பதிப்பு 2020 இல் வரும்வரை, பிரதேச அமைப்பை யேர்மன் என்று வைத்தால் தசம இலக்கம் எழுத்தாக மாறும்போது அதற்குள் கொமா வந்துவிடும். அதை அப்படியே தரவுத்தளக் கட்டளைக்குள் ஒட்டினால் 12,50 என்பது 12, 50 என்று இரண்டு பெறுமதிகளாகப் பிரிந்துவிடும். பழைய தளங்களைப் பராமரிப்பவர்கள் இதை இன்னும் சந்திக்கக்கூடும்.

நான் பக்கத்தைத் திருத்தியது இப்படி. தொகையைச் சதமாக, முழு எண்ணாக வைக்கிறேன்: 125000. புள்ளியும் கொமாவும் இரண்டும் வந்தால் கடைசியாக வருவதுதான் தசமக் குறி. ஒரு குறி மட்டும் வந்து அதன்பின் இரண்டு இலக்கம் இருந்தால் அது சதம். குறிக்குப் பின் மூன்று இலக்கம் இருந்தால் பெரும்பாலும் ஆயிரம்தான், ஆனாலும் நிரல் தானாக முடிவெடுப்பதில்லை. எந்தத் தொகையானாலும் பதியுமுன் அதைத் தமிழ்ச் சொற்களில் எழுதிக் காட்டி, சரியா என்று கேட்கும். சொற்களில் புள்ளிக்கும் கொமாவுக்கும் இடமில்லை அல்லவா.

அடுத்த கூடலில் பொருளாளர் பட்டியலை முதலிலிருந்து திரும்ப வாசித்தார். பிழை என்னுடையது என்று நான் எழுந்து சொன்னேன். அந்தப் பிள்ளையின் தாயிடம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

சில மாதங்களின் பின் தமிழ்ப் பாடசாலைக்காக அதே பக்கத்தில் பணம் சேர்த்தபோது அண்ணை மறுபடி அழைத்தார். திரையில் “ஐந்நூறு யூரோ. சரியா?” என்று கேட்கிறதாம்.

“சரி எண்டு அமத்திப்போட்டன் தம்பி. எதுக்கும் நீரும் ஒருக்காப் பாரும்.”

பார்த்தேன். 50000 சதம்.