ஒரு மஸ்டாங், இரண்டு இன்ஜின்

1984-ல் அமெரிக்காவில் ஃபோர்டு மஸ்டாங் வாங்கப் போனவர் முன்னால் ஒரு விசித்திரமான தேர்வு இருந்தது. ஜிடி மாடலை எடுத்தால் எட்டு சிலிண்டர் கொண்ட 5.0 லிட்டர் வி8 இன்ஜின். எஸ்விஓ மாடலை எடுத்தால் அளவில் அதில் பாதிகூட இல்லாத, நான்கு சிலிண்டர் கொண்ட 2.3 லிட்டர் டர்போ இன்ஜின். இரண்டின் பட்டியலிலும் ஒரே எண்தான் அச்சாகியிருந்தது: 175 குதிரைத்திறன். சின்ன இன்ஜின் வண்டியில் பிரேக்கும் சஸ்பென்ஷனும் உயர்தரம். ஆனால் விலை ஒன்றரை மடங்குக்குக் குறையாது. மூன்று வருடம் விற்றும் எஸ்விஓ 10,000 என்ற எண்ணிக்கையைத் தொடவில்லை. சனங்கள் வி8 பக்கமே போனார்கள்.

நாற்பது வருடம் கழித்து, 2024-ல் வந்த ஏழாம் தலைமுறை மஸ்டாங்கின் விலைப்பட்டியலைப் பிரித்தாலும் அதே இரண்டு எண்கள். 2.3 லிட்டர் ஈகோபூஸ்ட் டர்போ, 5.0 லிட்டர் வி8. உள்ளே இருக்கும் இரும்பும் அலுமினியமும் முற்றிலும் வேறு. கேள்வி மட்டும் மாறவில்லை. இப்போது ஈகோபூஸ்டுக்கு 315 குதிரைத்திறன், ஜிடி-க்கு 480. 2024-ல் விலை வித்தியாசம் சுமார் 10,000 டாலராக இருந்தது. எண்களை மட்டும் பார்த்தால், காசு இருப்பவருக்குப் பெரியது, இல்லாதவருக்குச் சின்னது என்று இரண்டே வரியில் முடித்துவிடலாம். அப்படி முடிப்பது பெரிய இழப்பு என்று நினைக்கிறேன். இந்த இரண்டு இன்ஜின்களையும் பிரிப்பது எவ்வளவு விசை என்பதைவிட, அந்த விசை எப்போது வருகிறது, எப்படி வருகிறது என்பதுதான்.

குதிரைத்திறன் என்று பட்டியலில் போடுவது ஒரு உச்சப் புள்ளி. இன்ஜினின் முறுக்குவிசையையும் அது சுழலும் வேகத்தையும் பெருக்கினால் திறன் கிடைக்கும். வி8 தன் 480-ஐ எட்டுவது 7,150 ஆர்பிஎம்மில். அலுவலகம் போய்வரும் சாலையில் அந்த இடத்தை ஒருவர் தொடுவது அபூர்வம். அன்றாடம் நாம் புழங்குவது 1,500-க்கும் 3,500-க்கும் நடுவில்தான். ஈகோபூஸ்ட் தன் முழு முறுக்குவிசையான 475 நியூட்டன் மீட்டரை 3,000 ஆர்பிஎம்மிலேயே கொடுத்துவிடுகிறது. அந்த வேகத்தில் அது ஏறக்குறைய 200 குதிரைத்திறன். வி8-ன் முறுக்குவிசை 563 நியூட்டன் மீட்டர். ஆனால் அது 4,900-க்கு ஏறினால்தான் முழுதாகக் கிடைக்கும். ஆகவே 3,000 ஆர்பிஎம்மில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன. 165 குதிரைத்திறன் வித்தியாசம் அதற்கு மேலேதான் விரிகிறது: சின்ன இன்ஜின் 5,500-ல் தன் உச்சத்தைத் தொட்டு ஓய்ந்த பிறகும், பெரிய இன்ஜின் மேலும் மேலும் ஏறுகிறது.

இதற்குக் காரணம் காற்று. பெட்ரோலைச் சேர்ப்பது எளிது, ஊசித்துளை வழியே பீய்ச்சினால் போதும். கடினம், அதை எரிக்கத் தேவையான காற்றை உள்ளே கொண்டுவருவது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று. 5.0 லிட்டர் வி8, 7,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது நொடிக்கு 290 லிட்டர் அளவுக்குக் காற்றை இழுக்கிறது. பெரிய வயிறு, வேகமான சுழற்சி, அவ்வளவுதான் அதன் ரகசியம். 2.3 லிட்டர் இன்ஜின் 5,500-ல் தானாக இழுக்கக்கூடியது நொடிக்கு 105 லிட்டர்தான். வி8-ல் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும். ஆனால் அது தரும் திறனோ மூன்றில் இரண்டு பங்கு. மீதிக் காற்றை டர்போ கொண்டுவருகிறது.

எரிந்து வெளியேறும் புகையில் இன்னும் ஏராளமான வெப்பமும் அழுத்தமும் மிச்சமிருக்கின்றன. சாதாரண இன்ஜினில் அது சைலன்சர் வழியே வீணாகப் போகிறது. டர்போவில் அந்தப் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழலும். ஒரு பக்கம் பழுக்கக் காய்ந்த புகை, சில அங்குலம் தள்ளி மறுபக்கம் வெளிக்காற்று, நடுவில் எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் தண்டு. இது வருடக்கணக்கில் பழுதில்லாமல் ஓடுகிறது என்பதே எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். அழுத்தினால் காற்று சூடாகும், சூடானால் அடர்த்தி குறையும். அதனால் நடுவில் இன்டர்கூலர் வைத்து ஆறவிட்டு அனுப்புகிறார்கள். 1984 எஸ்விஓவிலேயே இன்டர்கூலர் இருந்தது. அதற்கு வெளிக்காற்று போகத்தான் அதன் பானெட்டில் ஒரு பக்கமாக ஒதுங்கிய அந்தக் காற்றுத் துவாரம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சுழல் ஒளிந்திருக்கிறது. நிறையப் புகை வந்தால்தான் சக்கரம் வேகமெடுக்கும்; சக்கரம் வேகமெடுத்தால்தான் நிறையக் காற்று வரும்; காற்று வந்தால்தான் நிறையப் புகை வரும். ஆக்ஸிலரேட்டரை மிதித்த கணத்தில் இந்தச் சுழலை யாராவது தொடங்கிவைக்க வேண்டும். தொடங்கி வேகம் பிடிக்கும்வரை உள்ள இடைவெளிதான் 'டர்போ லேக்'. பழைய டர்போ வண்டிகளில் மிதித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிறகு திடீரென்று முதுகில் ஒரு தள்ளு. இப்போதைய ஈகோபூஸ்டில் அந்த இடைவெளியைச் சுருக்க ஒரு நுட்பமான வேலை செய்திருக்கிறார்கள். நான்கு சிலிண்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் புகையைத் துப்புகின்றன. ஒன்று துப்பத் தொடங்கும்போது, அதற்கு முந்தையது இன்னும் வால்வை முழுதாக மூடியிருக்காது. இரண்டையும் ஒரே குழாயில் விட்டால், புதிய புகை பழைய சிலிண்டருக்குள் பின்வாங்கும். சக்கரத்தைத் தட்ட வேண்டிய அடி மழுங்கிவிடும். ஆகவே 1, 4 சிலிண்டர்களுக்கு ஒரு தனிவழி, 2, 3 சிலிண்டர்களுக்கு இன்னொரு தனிவழி. அடுத்தடுத்து வெடிப்பவை ஒரே வழியில் சேர்வதில்லை. ஒவ்வொரு அடியும் கலையாமல் முழுதாகச் சக்கரத்தில் விழுகிறது. 'ட்வின் ஸ்க்ரோல்' என்று பட்டியலில் ஒரு சொல்லாக வருவதன் உள்ளடக்கம் இதுதான்.

லேக் சுருங்கியதே தவிர மறையவில்லை. வி8-ல் அந்தச் சுழலே கிடையாது. மிதித்ததும் காற்றுக் கதவு திறக்கிறது, வெளியே காத்திருக்கும் வளிமண்டலம் உள்ளே பாய்கிறது. கால் அசைவுக்கும் வண்டியின் அசைவுக்கும் நடுவில் வேறு கணக்கு இல்லை. வளைவில் பாதி மிதியில் வண்டியைப் பிடித்து ஓட்டுபவர்கள் இதற்காகவே பெரிய இன்ஜினை விரும்புகிறார்கள். அவர்கள் விருப்பம் நியாயமானது.

ஆனால் அதே வளைவில் சின்ன இன்ஜினுக்கும் ஒரு வாதம் உண்டு. ஈகோபூஸ்ட் வண்டி ஜிடி-யைவிட ஏறத்தாழ 100 கிலோ குறைவு. அதில் பெரும்பகுதி முன்சக்கரங்களின் மேலிருந்து இறங்கிய எடை. மூக்கு இலேசானால் ஸ்டீயரிங் திருப்பியதும் வண்டி திரும்பும். மலைச்சாலையில் இதை உணராமல் இருக்க முடியாது.

மலை என்றதும் இன்னொன்று. கொலராடோவின் டென்வர் நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் சுமார் 83 சதவீதம். வளிமண்டலத்தை நம்பி வாழும் வி8 அங்கே ஏறக்குறைய அதே விகிதத்தில் மெலியும். 480 என்று வாங்கியது 400-ஐ ஒட்டி வந்துவிடும். டர்போ இன்ஜினோ சக்கரத்தைக் கூடுதலாகச் சுழற்றி அந்தக் குறையில் பெரும்பகுதியை ஈடுகட்டிக்கொள்ளும். 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் சிகரத்துக்கே தார்ச்சாலை போகிறது. அங்கே காற்று 60 சதவீதம்தான். அந்த உச்சியில் டர்போவும் களைக்கும், ஆனாலும் இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி மிஞ்சாது. இரண்டாம் உலகப் போரில் உயரப் பறந்த போர் விமானங்களில் டர்போ வைத்ததற்கும் இதே காரணம்தான். டென்வர்க்காரரும் கடலோர மயாமிக்காரரும் ஒரே பட்டியலைப் பார்த்து ஒரே முடிவுக்கு வரக் கூடாது.

இனி சத்தம். வி8 வாங்குபவர்களில் பலர் உண்மையில் வாங்குவது இதைத்தான். அதைச் சொல்ல அவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை, ஏனென்றால் அந்தச் சத்தத்தின் பின்னால் அழகான ஒரு கணக்கு இருக்கிறது. எட்டு சிலிண்டர்களும் ஒரு முறை வெடித்து முடிக்க, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். அதாவது 720 பாகையில் எட்டு வெடிப்பு, 90 பாகைக்கு ஒன்று, சீராக. ஆனால் சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக, வரிசைக்கு நான்காக நிற்கின்றன. ஒரு வரிசையை மட்டும் தனியே கேட்டால் சீர் குலைந்துவிடும்: வெடிப்புகளின் இடைவெளி 90, 180, 270, 180 பாகை. ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டு தட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே 1, 2, 3, 2 என்று எண்ணிக்கை விடுகிறார். மற்றவரும் அதே கணக்கு, வேறு இடத்தில் தொடங்கி. இருவரும் சேர்ந்தால் எட்டு அட்சரமும் நிரம்பும். தனித்தனியே கேட்டால் தடுமாறித் தடுமாறி நடக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் தனிக்குழாய் இருப்பதால் அந்தத் தடுமாற்றம் முழுதாக அழியாமல் வெளியே வருகிறது. அமெரிக்க வி8-ன் அந்தக் கரகரத்த உறுமல் இதுதான். கிராங்கின் முழங்கைகளைச் சிலுவை வடிவில் வைப்பதால் வருவது இது. அவற்றை ஒரே தளத்தில் வைத்தால் வரிசைகள் மாறி மாறிச் சீராக வெடிக்கும், சத்தமும் கீச்சென்று உயரும். ஃபோர்டே ஷெல்பி ஜிடி350-ல் அப்படி ஒரு 5.2 லிட்டர் இன்ஜினை வைத்தது; அது 8,250 ஆர்பிஎம்வரை போகும். இரண்டும் வி8, கேட்டால் ஒரே குடும்பம் என்று நம்ப மாட்டீர்கள்.

சிலுவைக் கிராங்கை 1920-களில் கேடிலாக் கொண்டுவந்தது சத்தத்துக்காக அல்ல, அதிர்வைக் குறைக்க. பிஸ்டனின் ஓட்டம் மேலும் கீழும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கிராங்க் உச்சியிலிருந்து கால் சுற்று சுற்றும்போது பிஸ்டன் பாதிக்கும் மேல் இறங்கிவிடுகிறது. மிச்சத்தை அடுத்த கால் சுற்றில் மெதுவாக முடிக்கிறது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் சாய்வதால் வரும் வினை. நான்கு சிலிண்டரில் இரண்டு ஏற, இரண்டு இறங்கினாலும் இந்த ஏற்றத்தாழ்வு ஒன்றையொன்று கழிக்காது. சுற்றுக்கு இரண்டு தரம் ஒரு உதறல் மிஞ்சும். அதை அடக்க, கிராங்கைப்போல இரட்டை வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு சமன்தண்டுகள் தேவைப்படுகின்றன. சிலுவைக் கிராங்க் வி8-ல் அந்த உதறல் தானாகவே கழிந்துவிடும். சத்தத்துக்கே திரும்பினால், ஈகோபூஸ்டில் ஃபோர்டு ஸ்பீக்கர் வழியாகவும் இன்ஜின் ஒலியைச் சேர்த்துக் கொடுக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நல்ல இன்ஜின் தன் குரலில் பேசினால் போதும்.

மைலேஜைப் பொறுத்தவரை பேச்சு சுருக்கம். அமெரிக்க அரசு மதிப்பீட்டில் ஆட்டோமேட்டிக் கியரோடு ஈகோபூஸ்டுக்கு லிட்டருக்குச் சுமார் 11 கிலோமீட்டர், ஜிடி-க்கு ஏழரை. ஆனால் டர்போவின் சிக்கனம் மெதுவாக மிதிப்பவருக்கு மட்டும்தான். விடாமல் மிதித்தால் உள்ளே வரும் காற்றெல்லாம் பெட்ரோல் கேட்கும்.

கியர்பாக்ஸ்தான் பலர் கவனிக்காமல் விடுவது. 2024 மஸ்டாங்கில் ஈகோபூஸ்டுக்குப் பத்து கியர் ஆட்டோமேட்டிக் மட்டுமே. கிளட்சை மிதித்துத் தானே கியர் போட ஆசைப்படுபவருக்கு வி8 தவிர வழியில்லை. இந்தியாவுக்கு 2016-ல் மஸ்டாங் வந்தபோது வி8-ஐ மட்டுமே கொடுத்தார்கள். தேர்வு என்ற பேச்சே எழவில்லை.

என் கணக்கில், ஊருக்குள்ளே தினமும் ஓட்டுபவருக்கும் மலைநாட்டில் வாழ்பவருக்கும் 2.3 லிட்டர் இரண்டாம்பட்சம் அல்ல, அதுவே சரியான வண்டி. திறந்த சாலையும் நேரமும் இருப்பவர், ஓட்டுவதற்காகவே ஓட்டுபவர், அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கலாம். எதுவானாலும் டெஸ்ட் டிரைவில் முழு மிதியில் சீறிப் பாய்ந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதில் 480 ஜெயிப்பது ஓட்டாமலே தெரிந்ததுதான். பத்து கியர் ஆட்டோமேட்டிக் சட்டென்று கீழ் கியருக்கு இறங்கி டர்போவின் தாமதத்தை மறைத்துவிடும். அதனால் கியரை நாமே மாற்றும் முறைக்குக் கொண்டுவந்து, ஐந்தாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும்போது பாதி மிதி மிதியுங்கள். விசை வரும்வரை உள்ள நேரத்தைக் கவனியுங்கள். ஜன்னல் கண்ணாடி இறங்கியிருக்கட்டும், ஸ்பீக்கர் சொல்வது ஒன்று, சைலன்சர் சொல்வது வேறு. பிறகு அடுத்த வண்டியில் ஏறி, அதே சாலையில், அதே கியரில், இதையே செய்து பாருங்கள்.